நான்கு பக்கக் கடிதத்தில் அம்மாவுக்கு ஒரு வரி

கொங்குப் பகுதியின் சிறு நகரம் ஒன்றிலிருந்து 37 வயது ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்; அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறார். 2018-இல் சிறுநீரில் புரதமும் ரத்தமும் போவது தெரிந்து, பயாப்சி (சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்ததில், சிறுநீரகத்தின் வடிகட்டிகளைப் பழுதாக்கும் ஐஜிஏ நெஃப்ரோபதி என்று முடிவு வந்தது. மாத்திரையிலேயே சில ஆண்டுகள் ஓடின. பதினான்கு மாதங்களுக்கு முன் டயாலிசிஸ் தொடங்கியது. செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இரண்டு குழந்தைகள், இடையில் ஒரு கரு கலைந்திருக்கிறது. டயாலிசிஸ் தொடங்கிய புதிதில் ரத்தம் குறைவு என்று மூன்று பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள். இடது கையில், டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துவைத்த ஃபிஸ்டுலா இருக்கிறது. நோட்டு வாங்க வந்த மாணவி ஒருத்தியின் விரல் அந்த இடத்தில் தற்செயலாகப் பட்டு, "டீச்சர், உள்ளே வண்டு சுத்துது" என்று கையை வெடுக்கென இழுத்துக்கொண்டாளாம். அன்று முதல் இறுக்கமான முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறாராம்.

அவர் கேட்டிருப்பவை இவை. மாற்றிய சிறுநீரகம் ஐந்து வருடம்தான் தாங்கும், அதற்கு டயாலிசிஸே மேல் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறார், அது உண்மையா? 41 வயதுக் கணவர், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், தம் சிறுநீரகத்தைத் தர முன்வருகிறார். ஆனால் அவர் பி பாசிட்டிவ், வாசகி ஓ பாசிட்டிவ். ரத்த சொந்தமும் இல்லை. "என் மகனுக்கும் ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்று மாமியார் அழுகிறார். உறவினர் ஒருவரோ, பணம் கொடுத்தால் சிறுநீரகத்துக்கு ஆள் ஏற்பாடு செய்யும் ஒருவரைத் தெரியும் என்கிறார். பன்றிச் சிறுநீரகம் வந்துவிட்டதாகக் காணொளிகளில் சொல்கிறார்களே, இரண்டு வருடம் பொறுத்தால் யாரையும் வெட்ட வேண்டியதில்லையே என்பது இன்னொரு கேள்வி. நான்காம் பக்கத்தின் அடியில், கேள்வியாகக்கூட இல்லாமல், இப்படி ஒரு வரி இருக்கிறது: "என் அம்மாவும் தருகிறேன் என்கிறார், அவரும் ஓ பாசிட்டிவ்தான், ஆனால் 61 வயது, பிரஷர் மாத்திரை போடுகிறார் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை."

அன்புச் சகோதரி,

முதலில் ஒரு சின்ன விஷயம். ஃபிஸ்டுலா உள்ள கையில் இறுக்கமான முழுக்கை ரவிக்கை வேண்டாம். அந்த மாணவி உணர்ந்த வண்டுச் சத்தம், தமனியின் ரத்தம் சிரைக்குள் வேகமாகப் பாய்வதன் அதிர்வு. அந்த அதிர்வு இருக்கும்வரைதான் ஃபிஸ்டுலா உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். தினமும் காலையில் எழுந்ததும் வலது கையால் தொட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றிருந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தளர்வான சேலைத் தலைப்பால் மறைத்துக்கொள்ளுங்கள், அல்லது மறைக்காமலே விடுங்கள். குழந்தைகளுக்கு ஒருமுறை விளக்கிச் சொன்னால் அவர்கள் பயப்பட மாட்டார்கள்.

டயாலிசிஸே மேல் என்ற எண்ணம்

பக்கத்துக் கட்டில்காரரின் பேச்சு வெறும் வதந்தி என்று சொல்லிவிட மாட்டேன். ஐந்தே ஆண்டில் சிறுநீரகத்தை இழந்த யாரையோ அவர் பார்த்திருக்கலாம். ஆனால் ஒருவருடைய அனுபவத்தைக் கொண்டு ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட முடியாது என்பதைக் கணக்கு ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் காண்பதில் ஒரு சிக்கல் இருந்தது. மாற்று அறுவை செய்துகொள்பவர்கள் பொதுவாகவே இளையவர்கள், உடல் தெம்பு உள்ளவர்கள். அவர்களை டயாலிசிஸில் இருக்கும் எல்லோருடனும் ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு நியாயமாக இராது. 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தவிர்க்க வேறு வழியில் போனது. மாற்றுச் சிறுநீரகத்துக்காகப் பதிவு செய்து காத்திருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுள் இறந்தவரின் சிறுநீரகம் கிடைத்தவர்களையும் கிடைக்காமல் டயாலிசிஸில் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டது. அறுவைக்குப் பிறகான முதல் இரண்டு வாரங்களில் இறப்பு அபாயம், காத்திருந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. 106-ஆம் நாளில் இரு தரப்பின் அபாயமும் சமமாயிற்று. தொடக்கத்தில் ஏற்பட்ட இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் 244-ஆம் நாளில் கணக்கு நேரானது. அதன்பின் நீண்ட காலத்தில் இறப்பு அபாயம் 68 சதவீதம் குறைந்தது. இன்னும் பத்து ஆண்டு வாழ்வார்கள் என்று கணிக்கப்பட்டவர்களுக்கு அது இருபது ஆண்டாகக் கூடியது.

இந்த எண்களை நான் எப்போதும் முழுதாகவே சொல்வேன். பிற்பாதியை மட்டும் சொல்லி யாரையும் அறுவைக்கு அழைப்பது எனக்குப் பிடிக்காது. முதல் சில மாதங்கள் உண்மையிலேயே கடினமானவை. தொற்று, நிராகரிப்பு, மருந்தளவைச் சரிசெய்வதற்காக வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை மருத்துவமனைக்கு அலைவது என எல்லாம் அந்த மாதங்களில்தான் நெருக்கி வரும். நம் நாட்டில் காசநோய் அபாயமும் கூடச் சேர்ந்துகொள்ளும். அதைக் கடந்தவர்களுக்குக் கிடைப்பது ஆண்டுக்கணக்கான ஆயுள்; தண்ணீரை டம்ளரால் அளந்து குடிக்க வேண்டாத, செவ்வாய்க்கிழமையும் வகுப்புக்குப் போகக்கூடிய ஆயுள்.

"ஐந்து வருடம்தான்" என்பதற்கு வருகிறேன். அமெரிக்கப் பதிவேடுகளை வைத்து 2021-இல் வந்த கணக்கின்படி, அண்மை ஆண்டுகளில் பொருத்தப்பட்ட சிறுநீரகங்களின் சராசரி ஆயுள், உயிரோடிருப்பவர் தந்ததானால் சுமார் 19 ஆண்டு, இறந்தவருடையதானால் சுமார் 12 ஆண்டு. 1990-களின் பிற்பகுதியில் இவை முறையே 12, 8 ஆண்டுகளாக இருந்தன. இங்கே சராசரி என்பதை, பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதைவிட அதிகம் என்று புரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு 37 வயது என்பதால் வாழ்நாளில் இரண்டாவது முறையும் மாற்று தேவைப்படலாம். இப்போதே அதற்கும் இடம் வைத்துத் திட்டமிடுவது நல்லது.

டயாலிசிஸில் கழியும் காலம் நீள நீள, பின்னால் பொருத்தும் சிறுநீரகம் பிழைக்கும் வாய்ப்பும் குறைகிறது என்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நோயாளியின் வயதையும் நோயையும் நம்மால் மாற்ற முடியாது. காத்திருக்கும் காலத்தை மட்டும்தான் ஓரளவு குறைக்க முடியும். உங்களுக்குப் பதினான்கு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. வீட்டில் விவாதம் முடிந்த பிறகு பரிசோதனை என்று தள்ளிப்போடாமல், பரிசோதனைகளைத் தொடங்கிவிட்டு விவாதத்தைக் கூடவே நடத்துங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கணவர் தருவதானால்

ரத்த சொந்தம் இல்லாதவரின் சிறுநீரகம் சேராது என்பது பழைய எண்ணம். 1995-இல் பால் தெராசாகி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவியிடையே மாற்றிய சிறுநீரகங்களில் 85 சதவீதம் மூன்றாண்டு கழித்தும் இயங்கின. பெற்றோர் தந்தவற்றில் 82, இறந்தவரிடமிருந்து பெற்றவற்றில் 70. திசுப் பொருத்தம் குறைவாக இருந்தும் தம்பதியர் தந்தவை இவ்வளவு நன்றாக இயங்கியதற்குக் காரணம், ஆரோக்கியமாக உயிரோடிருக்கும் உடலிலிருந்து சேதமின்றி எடுத்து உடனே பொருத்துவதுதான். எனவே சொந்தம் இல்லை என்ற கவலையை விட்டுவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. அதே ஆய்வில், கணவரிடமிருந்து பெற்ற மனைவியரில் கர்ப்பமே தரிக்காதவர்களுக்கு 87 சதவீதம் என்றும், முன்பு கர்ப்பமானவர்களுக்கு 76 சதவீதம் என்றும் இருந்தது. அந்தப் பிரிவில் ஆட்கள் குறைவு, ஆகவே அந்த வித்தியாசத்தை உறுதியான முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் அதன் பின்னுள்ள காரணம் உறுதியானது. குழந்தையின் திசு அடையாளங்களில் பாதி தந்தையுடையவை. கர்ப்ப காலத்தில் தாயின் உடல் அவற்றைக் கண்டு, அவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருள்களை உண்டாக்கி வைத்துக்கொள்ளலாம். மூன்று கர்ப்பம், அதன் மேல் மூன்று பாட்டில் ரத்தம் என்றால், உங்கள் உடலில் உங்கள் கணவரின் திசுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும் வாய்ப்பைச் சோதிக்காமல் விட முடியாது. இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கிராஸ்மேட்ச் பரிசோதனையும், திசு அடையாளங்களுக்கு எதிரான எச்.எல்.ஏ. எதிர்ப்பொருள் பரிசோதனையும் இதைச் சொல்லிவிடும்.

இதனால் ஒரு வேண்டுகோள். இனி ஹீமோகுளோபின் குறைந்தால் உடனே ரத்தம் ஏற்றச் சம்மதித்துவிடாதீர்கள். இரும்புச் சத்து ஊசியும், ரத்த அணுக்கள் ஊறத் தூண்டும் எரித்ரோபோய்டின் ஊசியும் போதிய அளவில் போகின்றனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவசரம் என்றால் ஏற்றத்தான் வேண்டும். அப்போது வெள்ளணுக்களை வடிகட்டிய ரத்தம் கேளுங்கள், நீங்கள் மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர் என்பதையும் சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் கணவரின் ரத்தத்தையோ அம்மாவின் ரத்தத்தையோ உங்களுக்கு ஏற்ற விடாதீர்கள். பாசத்தில் செய்கிற இந்த ஒரு காரியம், பின்னால் அவர்கள் சிறுநீரகமே உங்களுக்குச் சேராமல் செய்துவிடலாம்.

ரத்த வகை மாறுபாடு இன்று தாண்ட முடியாத தடையல்ல. இறந்தோர் உறுப்புக் கொடை மிகக் குறைவாக இருந்த ஜப்பானில் இந்த முறை பெரிதும் வளர்ந்தது. எதிர்ப்பொருள் உருவாவதைத் தடுக்கும் ரிடுக்ஸிமாப் மருந்து கொடுத்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவையும் மாற்றி, பி வகைக்கு எதிரான எதிர்ப்பொருளின் அளவைக் குறைத்துவிட்டுப் பொருத்துகிறார்கள். தமிழ்நாட்டிலும் செய்கிறார்கள். முதல் ஆண்டில் தொற்றும் நிராகரிப்பும் சற்று அதிகம். செலவு சில லட்சங்கள் கூடும். ரத்த வகையும் பொருந்தாமல், கிராஸ்மேட்சும் பாசிட்டிவாக வந்தால் இரண்டு தடைகளையும் ஒருசேரத் தாண்ட வேண்டியிருக்கும். அதை நான் உங்களுக்கு முதல் வழியாகச் சொல்ல மாட்டேன்.

உங்களைப் போன்ற இன்னொரு தம்பதியுடன் கொடையாளரை மாற்றிக்கொள்ளும் பரிமாற்று முறையை 2011-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அனுமதித்திருக்கிறது. ஆனால் உங்களுக்கு ஓ வகைச் சிறுநீரகம் மட்டுமே பொருந்தும். ஓ வகைக் கொடையாளர் பெரும்பாலும் தம் வீட்டு நோயாளிக்கே நேராகக் கொடுத்துவிட முடியும் என்பதால், அவர்கள் பரிமாற்றத்துக்கு வருவது அரிது. ஓ வகை நோயாளிகள் அந்தப் பட்டியலில் நெடுநாள் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பெயரைக் கொடுத்து வையுங்கள். அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

மாமியாரின் பயம்

அவர் உங்களை வெறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மகனின் உடலைப் பற்றி ஒரு தாய் கேட்கும் கேள்வி, கொடையாளரை ஆராயும் மருத்துவர் கேட்க வேண்டிய அதே கேள்விதான். அதற்கு எண்களோடு பதில் சொல்லலாம்.

உலகில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று, 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரி குழுவினர் செய்தது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ரொனால்டு ஹெரிக் தம் சகோதரர் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். கொடுத்த ரொனால்டு அதன்பின் 56 ஆண்டுகள் ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்ந்து, 2010-இல் 79 வயதில் காலமானார். பெற்ற ரிச்சர்டு எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். பழைய நோயே புதிய சிறுநீரகத்திலும் திரும்பியது. உங்கள் ஐஜிஏ நோயும் அப்படித் திரும்பி வரக்கூடியதுதான். பயாப்சியில் அது பலருக்குத் தென்படுகிறது. அதனாலேயே சிறுநீரகத்தை இழப்பவர்கள் சிறு பகுதியினர். மாற்று அறுவை வேண்டாம் என்று சொல்ல அது காரணமாகாது.

கொடையாளர் அறுவையில் உயிரிழப்பு, அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை பத்தாயிரம் பேருக்குச் சுமார் மூன்றாக இருந்தது. கடந்த பத்தாண்டில் அது ஒன்றுக்கும் கீழே வந்திருக்கிறது. நீண்ட கால அபாயத்தைப் பற்றி 2014-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று 96,000-க்கும் மேற்பட்ட கொடையாளர்களைத் தொடர்ந்து பார்த்தது. வாழ்நாளில் சிறுநீரகம் முழுதாகச் செயலிழக்கும் வாய்ப்பு, கொடுத்தவர்களில் பத்தாயிரத்துக்கு 90. அவர்களைப் போலவே ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் 14. எந்தச் சோதனையும் செய்யாத பொது மக்களில் 326. கொடுத்தால் அபாயமே இல்லை என்று நாங்கள் முன்பு சொல்லிவந்தது சரியல்ல என்பதை இந்த ஆய்வு எங்களுக்கு உணர்த்தியது. அபாயம் உண்டு, அது சிறியது என்பதே இன்று சொல்லக்கூடிய உண்மை.

பட்டறை வேலை போய்விடும் என்பதும் அவருடைய கவலை. குழாய் வழி அறுவைக்குப் பிறகு மூன்று நான்கு நாளில் வீடு திரும்பலாம். ஆறு முதல் எட்டு வாரம் கனமான பொருளைத் தூக்கக் கூடாது. அதன்பின் வெல்டிங் வேலையைத் தாராளமாகச் செய்யலாம். வெயிலிலும் வெக்கையிலும் வேலை செய்பவர் என்பதால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், உடம்பு வலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிட வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். கணவருக்குச் சென்ற ஆண்டு முகாம் ஒன்றில் சர்க்கரை பார்டரில் இருப்பதாகச் சொன்னார்கள்; அவருடைய அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை நோய். இது சின்ன விஷயமல்ல. 41 வயதில் எல்லையில் நிற்கும் சர்க்கரை, குடும்ப வரலாறு, முன்னால் இன்னும் முப்பது நாற்பது ஆண்டு வாழ்க்கை என்று மூன்றும் சேரும்போது, ஒற்றைச் சிறுநீரகத்தோடு அவர் சர்க்கரை நோயை எதிர்கொள்ள வேண்டிவரும் வாய்ப்பு கணிசமானது. நான் மேலே தந்த எண்கள் நன்றாகச் சலித்துத் தேர்ந்த கொடையாளர்களுக்கானவை. உங்கள் கணவர் அந்தச் சல்லடையில் நிற்பாரா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. முழுச் சர்க்கரைப் பரிசோதனை செய்யாமல் அவரைக் கொடையாளராக ஏற்கக் கூடாது. மாமியாரின் பயத்தில் மருத்துவக் காரணமும் இருக்கிறது என்பதை அவரிடம் நீங்களே சொன்னால், வீட்டில் பேச்சு இளகும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கொடையாளரை எந்த நல்ல மருத்துவமனையிலும் தனியாக அழைத்துப் பேசுவார்கள். கடைசி நாள் வரை அவர் மனம் மாறலாம். அப்படி மாறினால், "மருத்துவக் காரணத்தால் ஏற்கவில்லை" என்று மட்டுமே குடும்பத்துக்குத் தெரிவிப்பது வழக்கம். உங்கள் கணவருக்கும் அந்த வாய்ப்பு இருக்க வேண்டும்.

ஏற்பாடு செய்து தருகிறேன் என்பவர்

இதில் ஆலோசனைக்கே இடமில்லை. மனித உறுப்புகள் மாற்றுச் சட்டத்தின்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் இடைத்தரகு செய்வதும் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும், இருபது லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். போலி உறவுச் சான்றில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான். வழக்கு வந்தால் இடைத்தரகர் இருக்கமாட்டார்.

சட்டத்தை விடுங்கள். சென்னையில் சிறுநீரகத்தை விற்ற 305 பேரைச் சந்தித்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2002-இல் வெளியானது. அவர்களில் 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரும்பாலோர் மீண்டும் கடனிலேயே இருந்தார்கள். 86 சதவீதம் பேர் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். இன்னொருவர் விற்கலாமா என்று கேட்டபோது 79 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். உங்கள் கணவரின் உடம்புக்காக மாமியார் படும் அதே கவலையைப் பட அந்த முன்பின் தெரியாத மனிதருக்கும் ஒரு தாய் இருப்பார்.

பன்றிச் சிறுநீரகமும் காத்திருப்பும்

செய்தி உண்மை. மரபணு மாற்றிய பன்றியின் சிறுநீரகத்தை 2024 மார்ச்சில் பாஸ்டனில் 62 வயதுக்காரர் ஒருவருக்குப் பொருத்தினார்கள். சிறுநீரகம் இயங்கியது, அவர் சுமார் இரண்டு மாதத்தில் காலமானார், அதற்குச் சிறுநீரகம் காரணமெனத் தெரியவில்லை என்று மருத்துவமனை சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தியதை 130 நாளில் எடுக்க வேண்டிவந்தது. 2025 ஜனவரியில் பாஸ்டனில் பொருத்தப்பட்ட மற்றொன்று 271 நாள் இயங்கிய பின் எடுக்கப்பட்டது. இந்த ஆராய்ச்சியை நான் மிகுந்த ஆவலோடு கவனித்து வருகிறேன். உங்கள் இரண்டாவது மாற்றின் காலத்தில் அது கைக்கு வந்திருக்கவும் கூடும். ஆனால் பத்தொன்பது ஆண்டு தரும் வழி ஒன்று கையில் இருக்கும்போது, மேலே சொன்ன மூவரில் ஒருவருக்கும் ஓராண்டைக்கூட எட்டாத ஒன்றுக்காக டயாலிசிஸில் காத்திருப்பது கணக்குக்கு ஒத்துவராது. ஸ்டெம்செல் ஊசியால் சிறுநீரகம் மீளும் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள். அதற்கு நிரூபணம் இல்லை.

அம்மா

நான்கு பக்கத்தில் அவருக்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்தில் முதலில் பரிசோதிக்கப்பட வேண்டியவர் அவர்தான் என்பது என் கருத்து.

அவர் ஓ பாசிட்டிவ் என்பதால் ரத்த வகைத் தடை இல்லை. தாய் என்பதால் திசு அடையாளங்களில் பாதியாவது ஒத்துப்போகும். உங்கள் கர்ப்பங்கள் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் கணவரின் திசுவைக் குறிவைப்பவை. அவை அம்மாவுடையதையும் தாக்கும் வாய்ப்பு குறைவு, கிராஸ்மேட்ச்தான் உறுதி செய்ய வேண்டும். வயது 61 என்பது தடையல்ல. வயது முதிர்ந்த உயிருள்ள கொடையாளரின் சிறுநீரகம், இளையவர் தருவதைவிடச் சற்றுக் குறைந்த காலமே உழைக்கலாம். ஆனாலும் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறுவதோடு ஒப்பிடத்தக்கதாகவே இருக்கிறது. கொடுப்பவர் பக்கமிருந்து பார்த்தால் வயதுக்கு ஓர் அனுகூலம்கூட உண்டு: 61 வயது வரை சர்க்கரையோ சிறுநீரக நோயோ வராதவருக்கு, இனி வரும் ஆண்டுகளில் எஞ்சிய சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பு, எல்லையில் சர்க்கரையோடு நிற்கும் 41 வயதுக்காரரைவிடக் குறைவாக இருக்கலாம். இளையவரே நல்ல கொடையாளர் என்ற எண்ணம் இங்கே உங்களைத் தவறான பக்கம் கொண்டுபோயிருக்கிறது.

பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். ஒன்றிரண்டு மாத்திரையில் கட்டுக்குள் இருந்து, இதயத்தையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதிக்காத ரத்த அழுத்தத்தை 2017-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்களே ஏற்கின்றன. சிறுநீரகங்கள் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 90 மி.லி.க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்கலாம், 60-க்குக் கீழே என்றால் கூடாது. இடைப்பட்டவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். அவருக்கு வடிகட்டும் திறனை அளக்கும் டி.டி.பி.ஏ. ஸ்கேன், சிறுநீரில் போகும் புரதமான அல்புமின், இதயத்துக்கு எக்கோ, சிறுநீரக ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம், மார்பகம் மற்றும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆகியவற்றைச் செய்வார்கள். ஐஜிஏ நோய் சில குடும்பங்களில் தொடர்வதால் அவருடைய சிறுநீரில் ரத்த அணுக்கள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இவற்றில் ஏதேனும் தவறினால் அவரை விட்டுவிட வேண்டும். வற்புறுத்திச் சேர்க்கக் கூடாது.

இதே வேளையில், உரிமம் பெற்ற மருத்துவமனை ஒன்றின் வழியாகத் தமிழ்நாடு உடல் உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலிலும் பெயரைப் பதிந்துவிடுங்கள். வீட்டில் கொடையாளர் இருப்பது அதற்குத் தடையல்ல. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை அடங்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செய்துகொள்பவர்களுக்கு அதன்பின் வேண்டிய மாத்திரைகளும் அங்கேயே கிடைக்கின்றன. தனியாரிடம் செய்வதாக இருந்தால் அறுவைச் செலவைவிட மாதாமாதம் வரும் மாத்திரைச் செலவைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். பணம் இல்லாமல் மாத்திரையை நிறுத்தி, நன்றாக ஓடிய சிறுநீரகத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் போல மனதை வதைப்பது வேறில்லை.

உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் அந்த மாத்திரைகளில் முதன்மையானது டாக்ரோலிமஸ். 1,645 பேரிடம் நான்கு மருந்து முறைகளை ஒப்பிட்ட, 2007-இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவு டாக்ரோலிமஸ், மைக்கோஃபினலேட், ஸ்டீராய்டு சேர்ந்த முறைக்கே நிராகரிப்பு குறைவாகவும் சிறுநீரக இயக்கம் நன்றாகவும் இருந்தது. சர்க்கரை நோய் புதிதாக வருவது இம்மருந்தின் ஒரு குறை. நம்மவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். பன்னிரண்டு மணி நேர இடைவெளி தவறக் கூடாது. பம்பளிமாஸ் பழம் கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும் என்பதால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அதை அப்படியே இறக்கிவிடும். வேறு எந்த மருந்தையும், நாட்டு மருந்தானாலும், கேட்காமல் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

"பெற்றவளிடமே இன்னும் எடுப்பதா?" என்ற தயக்கம் உங்கள் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவரைக் கேட்காமலே அவருக்காக முடிவெடுத்திருப்பவர் நீங்கள். அடுத்த வாரம் டயாலிசிஸ் இல்லாத நாளில் அவரைச் சிறுநீரகப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அவர் போடும் பிரஷர் மாத்திரை அட்டை, உங்கள் 2018 பயாப்சி அறிக்கை, ரத்தம் ஏற்றிய தேதிகள், கர்ப்ப விவரங்கள் ஆகியவற்றை ஒரு பையில் வையுங்கள். உள்ளே போனதும் நீங்கள் வெளியே உட்கார்ந்துகொண்டு, அவர் மருத்துவரிடம் தனியாகப் பேசட்டும்.